ஃபியூஸ் மேல ஏன் கோபம்? நீலத் திரையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த சொற்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குப் பேசப் போறது கம்ப்யூட்டர்ல வர்ற நீலத் திரையோட வரலாறு. பேசிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு எல்லாம் நின்னு, திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்துல என்னவோ வருமே, அது. ஆனா இந்த எபிசோடுக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2013. நான் பிளஸ் ஒன், தங்கச்சி எட்டாவது. எங்க ஊர் கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கம். அப்பாவுக்கு விருத்தாசலத்துல ஒரு செராமிக் கம்பெனியில சூளைப் பக்கம் வேலை. ஃபியூஸ் கட்டை செய்யற இடம். அந்த வருஷம்தான் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது. டவுன்ல ஒருத்தர் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது, விண்டோஸ் 7, ஒரு ஜிபி ரேம் ரெண்டு. அப்பா சீட்டு எடுத்த காசு.

மூணாவது வாரத்துல நீலத் திரை ஆரம்பிச்சது. முதல்ல வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் நாளைக்கு ஒண்ணு. தமிழ்நாடு முழுக்க கரண்ட் கட் உச்சத்துல இருந்த காலம் அது. நெய்வேலி பக்கத்துலயே இருந்தும் எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. அதனால முதல் சந்தேகம் கரண்ட் மேல. யூபிஎஸ் வாங்கினோம். நிக்கல. அடுத்தது வைரஸ். டவுனுக்கு எடுத்துட்டுப் போனா, "ஃபார்மேட் அடிச்சிடலாம் தம்பி"ன்னு ஒரே பதில். நாலு தடவை ஃபார்மேட். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நல்லா இருக்கும், நாமளும் நம்பிடுவோம். அப்புறம் ஒருத்தர் ரேமைக் கழட்டி, அதோட மஞ்சள் பல்லுங்களை அழி ரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டச் சொன்னார். தமிழ்நாட்டுல கம்ப்யூட்டர் வச்சிருந்த எல்லாருக்கும் இந்த வைத்தியம் தெரியும். அது கூட பதினைந்து நாள் தாங்குச்சு.

கடைசியா நான் ஒரு கண்டுபிடிப்பு பண்ணேன். ஒரு நோட்டுல தேதி, நேரம், யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுதி வச்சேன். பத்துல எட்டு தடவை தங்கச்சி உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்திருக்கு. அவ ஒரு கார் கேம் ஆடுவா, கூடவே பாட்டு ஓடும். நான் டைப்பிங் பண்றது, சின்னச் சின்ன சி புரோகிராம் எழுதறது, அவ்வளவுதான். நோட்டை அப்பாகிட்ட காட்டினேன். ஆதாரத்தோட சொல்றானேன்னு அப்பாவும் நம்பிட்டார். "இனிமே நீ அது பக்கம் போவாத பாப்பா." அவ ஒண்ணும் சொல்லல. ரெண்டு வருஷம் அவ அந்த நாற்காலியில உட்காரவே இல்ல.

இதை இப்போதைக்கு இங்கயே நிறுத்திட்டு, அந்தத் திரைக்கு வருவோம்.

நீலத் திரைன்னு ஒண்ணா சொல்றோம், ஆனா விண்டோஸ்ல வேற வேற காலத்துல வேற வேற நீலத் திரைகள் இருந்திருக்கு. விண்டோஸ் 3.1-ல கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தினா ஒரு நீலத் திரை வரும். அதுல இருந்த வாசகத்தை எழுதினவர் ஸ்டீவ் பால்மர், பின்னாடி மைக்ரோசாஃப்டுக்கே தலைவரானவர். விண்டோஸ் 95-ல வந்தது இன்னொண்ணு. அதுல ஒரு கீயை அழுத்தித் தொடரலாம், தொடர்ந்தா என்ன ஆகும்ங்கறது அவங்கவங்க அதிர்ஷ்டம். இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச, எல்லாத்தையும் நிறுத்திட்டு நிக்கிற திரை 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்டி 3.1-ல் இருந்து வருது. அதை எழுதினவர் ஜான் வெர்ட். ஏன் நீலம்னு கேட்டா பெரிய தத்துவம் எதுவும் இல்ல. அவர் வேலை செஞ்ச மிப்ஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நீலத்துல வெள்ளை எழுத்துதான் வரும். அவர் கோட் எழுதின ஸ்லிக்எடிட் எடிட்டரும் நீலத்துல வெள்ளை. ஆன் பண்ணா நீலம், எழுதினா நீலம், அப்புறம் விழுந்தாலும் நீலமாவே இருக்கட்டுமேன்னு விட்டிருக்கார்.

நிறத்தை விட முக்கியமான விஷயம், அந்தத் திரை தானா வர்றது இல்ல. விண்டோஸோட மையப் பகுதி, கெர்னல், யோசிச்சு எடுக்கிற முடிவு அது. கெர்னலுக்குள்ள எங்கேயோ, இருக்கவே கூடாத ஒரு எண் இருக்கு. இல்லாத முகவரியை யாரோ படிக்கப் பார்க்கிறாங்க. இனிமே எதை நம்பறதுன்னு தெரியாது. அந்த நிலையில ஓடிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கெட்டுப் போன தகவலைக் கொண்டு போய் ஹார்டு டிஸ்க்ல எழுதும். உங்க கணக்கு, உங்க போட்டோ, எல்லாத்து மேலயும் எழுதும். அதுக்கு நின்னுடறதே மேல்.

பல வருஷம் கழிச்சு இதை அப்பாகிட்ட விளக்கினப்போ அவர் ரெண்டு செகண்ட்ல புரிஞ்சுக்கிட்டார். "ஃபியூஸ் போற மாதிரி." அதேதான். விருத்தாசலத்துல ஊறுகாய் ஜாடியும் பொம்மையும் மட்டும் செய்யல, வீடு வீடா மீட்டர் பெட்டியில இருக்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டையும் செய்யறாங்க. நெய்வேலி சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல இருக்கிற மண்ணை எடுக்கும்போது கிடைக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்துலயே இருந்தது இந்தத் தொழிலுக்கு ஒரு வசதி. ஃபியூஸ் போச்சுன்னா எங்கேயோ ஷார்ட் ஆயிருக்குன்னு அர்த்தம். ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? கம்பியை ரெண்டா முறுக்கிப் போடுவாங்க. அப்புறம் ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். மைக்ரோசாஃப்டும் ஒரு விதத்துல இதைச் செஞ்சது. எக்ஸ்பியில இருந்து, நீலத் திரை வந்த உடனே மிஷினே தானா ரீஸ்டார்ட் ஆகிடும். கண் சிமிட்டறதுக்குள்ள எழுத்து போயிடும். ஜனங்க பயப்படக் கூடாதுன்னு நினைச்சிருக்கலாம். ஆனா ஒரே தடயம் அதுதான். எதையும் பழுது பார்க்கறதுக்கு முன்னாடி அந்த ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்டை நிறுத்தி வைங்க, திரையைப் போட்டோ எடுங்க.

நீலத் திரையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கின சம்பவம் 1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. பில் கேட்ஸ் மேடையில் நிக்க, கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98-ல ஒரு ஸ்கேனரை செருகிக் காட்டறார். செருகின உடனே பின்னாடி இருந்த பெரிய திரை நீலம். அரங்கமே சிரிச்சது. இதனாலதான் இன்னும் விண்டோஸ் 98-ஐ விற்பனைக்கு அனுப்பலன்னு கேட்ஸ் சமாளிச்சார். அன்னைல இருந்து அது மைக்ரோசாஃப்டோட அவமானச் சின்னம். ஆனா அன்னைக்கு செருகினது என்னன்னு கவனிச்சீங்களா? ஒரு ஸ்கேனர். வெளியில இருந்து ஒரு சாதனத்தைச் செருகும்போது அதுக்கான டிரைவரும் கெர்னல் வரைக்கும் உள்ளே வருது.

2003-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்விஃப்ட், பிரையன் பெர்ஷாட், ஹென்றி லெவி மூணு பேரும் எழுதின ஆய்வுக் கட்டுரையில் ஒரு எண் வரும். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தக் காலத்தில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை. டிரைவர்னா என்ன? பிரிண்டர், வீடியோ கார்டு, வைஃபை இதெல்லாம் செய்யற கம்பெனிகள் எழுதித் தர்ற புரோகிராம். அவற்றில் பல கெர்னலுக்குள்ளேயே, கெர்னலுக்கு உள்ள எல்லா உரிமையோடும் ஓடும். வாடகைக்கு வந்தவர் கிட்ட வீட்டு மெயின் ஸ்விட்சைக் கொடுத்த மாதிரி. அவங்க தப்பு பண்ணா, பேர் கெடறது வீட்டுக்காரருக்கு.

இந்த இடத்துல நம்ம ஊர் ஆள் ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். ஸ்ரீராம் ராஜாமணி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படிச்சவர். அப்புறம் வர்ஜீனியா, பெர்க்லியில் முனைவர் பட்டம். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் தாமஸ் பால் கூட சேர்ந்து 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்லாம்னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சார். யோசனை இதுதான்: டிரைவரை ஓட்டிப் பார்த்து எத்தனை தப்பைத்தான் பிடிப்பீங்க? ஓட்டாமலே, அதோட கோடை மட்டும் வச்சு, அது போகக் கூடிய எல்லா வழியையும் கணக்காப் பார்க்க முடியுமா? உதாரணமா ஒரு விதி: பூட்டை எடுத்தவன் திருப்பிக் கொடுக்கணும், எடுத்த பூட்டை மறுபடி எடுக்கக் கூடாது. இந்த விதிக்குத் தேவையானதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை உதறி, டிரைவரை ஒரு எலும்புக்கூடா ஆக்கணும். அதுல தப்பு தெரிஞ்சா, அது நிஜத் தப்பா இல்ல எலும்புக்கூட்டால வந்த மாயையான்னு சரிபார்க்கணும். மாயைன்னா கொஞ்சம் சதை சேர்த்து மறுபடி பார்க்கணும். கேட்க எளிசு, ஆனா இதை நிஜக் கோடுக்குப் பக்கத்துல கொண்டு வந்தது பெரிய சாதனை. இது பின்னாடி ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபயர்ங்கற பேர்ல, டிரைவர் எழுதற கம்பெனிகளுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த கருவிகளில் ஒண்ணா ஆச்சு. 2011-ல இந்தத் துறையோட முக்கியமான சிஏவி விருது ரெண்டு பேருக்கும் கிடைச்சது. ராஜாமணி பிறகு பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார். உங்க கம்ப்யூட்டர் முன்ன மாதிரி நீலமாகறது இல்லன்னா, அதுல ஒரு பங்கு கிண்டியில படிச்ச ஒருத்தருக்குப் போகுது. காலேஜ்ல எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரல, அது வேற வருத்தம்.

சரி, டிரைவரும் நல்லா இருக்கு, நாலு தடவை ஃபார்மேட்டும் அடிச்சாச்சு, இன்னும் வருது. அப்போ என்ன? எங்க வீட்டுக் கேஸ் அதுதான். இதுக்கு ஒரு பெரிய தடயம் என் நோட்டுலயே இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியல. ஒவ்வொரு தடவையும் திரையில வேற வேற பேர். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, இன்னொரு நாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். ஒரே டிரைவர் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே மாதிரி விழும். தினம் ஒரு நோய்ப் பேர் வந்தா, ரத்தத்தையே சந்தேகப்படணும். கம்ப்யூட்டருக்கு ரத்தம்னா ரேம்.

ரேம் தப்பு பண்ணும்ங்கறது கம்ப்யூட்டர்காரங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதா ஒரு பிட் இருந்தது. பாரிட்டின்னு பேர். எட்டுல ஒண்ணு மாறிட்டா ஒன்பதாவது காட்டிக் கொடுக்கும், மிஷின் பாரிட்டி செக்னு எழுதிட்டு நின்னுடும். 90-களில் விலைப் போட்டி வந்தப்போ, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இந்த ஒன்பதாவதை எடுத்துட்டாங்க. சர்வர்களுக்கு மட்டும் அதை விட நல்ல ஈசிசி மெமரி. காவல்காரனை வேலையை விட்டு அனுப்பிட்டா திருட்டு நின்னுடுமா? யாரும் பார்க்க மாட்டாங்க, அவ்வளவுதான். 2021-லயும் லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பற்றிக் கோபமா எழுதினார். அவர் கோபம் நியாயம்னுதான் எனக்குத் தோணுது.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1970-களின் கடைசி. இன்டெல் கம்பெனியோட புது 16 கே மெமரி சிப்புகள் தப்பு பண்ணுது. ஆனா வினோதமான தப்பு. ஒரு பிட் ஒண்ணுல இருந்து பூஜ்யமா மாறும். சிப்பைச் சோதிச்சா கோளாறே இல்ல. மறுபடி எழுதினா சரியா இருக்கும். அடுத்த தடவை வேற இடத்துல வேற பிட். டிமோத்தி மே, முர்ரே உட்ஸ்னு ரெண்டு பேர் இதைத் துரத்திக்கிட்டுப் போய், 1978-ல் ஒரு மாநாட்டில் விடையைச் சொன்னாங்க. தப்பு சிலிக்கன்ல இல்ல, டிசைன்ல இல்ல, புரோகிராம்ல இல்ல. சிப்பை மூடியிருந்த பீங்கான்ல.

ஆமாங்க, செராமிக்ல. அந்தக் காலத்துல நல்ல சிப்புகளைச் செராமிக் கூட்டுக்குள்ளதான் வைப்பாங்க. அந்தப் பீங்கான்ல மிக மிகச் சிறு அளவுல யுரேனியமும் தோரியமும் இருந்தது. அதுல இருந்து ஆல்ஃபா துகள் கிளம்பும். ஒரு காகிதத்தைக் கூடத் தாண்ட முடியாத துகள் அது. ஆனா இங்க தாண்ட வேண்டிய தூரமே இல்ல, ஒட்டிக்கிட்டே சிப் இருக்கு. சிலிக்கனுக்குள்ள அது பாயும்போது லட்சக்கணக்குல எலக்ட்ரான்களைக் கிளப்பி விடும். மெமரி செல்லுங்க சின்னதா ஆக ஆக, ஒரு பிட்டுக்காகச் சேமிச்சு வச்சிருந்த மின்னூட்டமும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைஞ்சு போச்சு. ஒரே ஒரு துகள் போதும், பிட் புரண்டுடும். பீங்கானுக்குள்ள அது எப்படி வந்ததுன்னு ஐபிஎம்மைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜீக்லர் பின்னாடி எழுதியிருக்கார்: கொலராடோவில் கிரீன் ரிவர் ஆற்றங்கரையில புதுசா ஒரு செராமிக் தொழிற்சாலை வந்தது, ஆத்துத் தண்ணிக்காக. அதுக்கு மேல் பக்கத்துல ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்தோட கழிவு கிடந்தது. ஆறு அதைக் கொண்டு வந்து களிமண்ல சேர்த்திடுச்சு.

இந்தக் கதையை நான் அப்பாகிட்ட பெரிய அதிசயம் மாதிரி சொன்னேன். அவர் கொஞ்சம் கூட ஆச்சரியப்படல. "தண்ணியைப் பார்க்காம எவன் பீங்கான் செய்வான்?" என்றார். "கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்கு ஒண்ணு மண்ணுல இருந்தா போதும், வெள்ளைச் சாமான்ல சூளைக்கு அப்புறம் பழுப்புப் புள்ளி விழுந்துடும். அதுக்குத்தான் கரைசலை காந்தத்துல விடறோம். புள்ளி விழுந்ததும் சூளைக்காரனைத்தான் திட்டுவாங்க. மண்ணுல இருந்ததுக்கு நான் என்ன பண்ண?" முப்பது வருஷமா திட்டு வாங்கின மனுஷன் பேசற குரல் அது.

இன்னைக்கு சிப் பொருள்களில் கதிரியக்கத்தை அளந்து குறைச்சுட்டாங்க. உங்க வீட்டு நீலத் திரைக்கு யுரேனியம் காரணம் இல்ல, பயப்படாதீங்க. வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர் எப்போதாவது ஒரு பிட்டைப் புரட்டும், அது ஒரு தடவை வந்துட்டுப் போற விருந்தாளி. திரும்பத் திரும்ப வர்ற நீலத் திரை வேற ஜாதி. 2011-ல மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த நைட்டிங்கேல், டூசர், ஓர்கோவன் மூணு பேரும் ஏறக்குறைய 10 லட்சம் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர்களோட விழுந்த பதிவுகளை ஆராய்ஞ்சாங்க. ஹார்டுவேர் கோளாறால ஒரு தடவை விழுந்த மிஷின், இரண்டாவது தடவை விழற வாய்ப்பு 100 மடங்கு வரை கூடுது. மெமரிக் கோளாறு மறுபடி வரும்போது பெரும்பாலும் அதே பழைய முகவரியிலேயே வருது. அதாவது விதி இல்ல, வானம் இல்ல. ஒரு குறிப்பிட்ட செல் செத்துப் போயிருக்கு.

2015 தீபாவளி லீவு. நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ் கொடுத்து அனுப்பினார். 1994-ல் கிறிஸ் பிரேடி எழுதின புரோகிராமோட வழியில வந்தது அது. விண்டோஸ் இல்லாமலே ஓடும், ரேமோட ஒவ்வொரு இடத்துலயும் எழுதும், திரும்பப் படிக்கும், ஒத்துப் போகுதான்னு பார்க்கும். ராத்திரி ஓட விட்டுப் படுத்தேன். காலையில திரை முழுக்கச் சிவப்புக் கோடு. எல்லாக் கோட்டுலயும் ஏறக்குறைய ஒரே முகவரி, 1,700 எம்பிக்குப் பக்கத்துல. ரெண்டு ரேமையும் ஒவ்வொண்ணா தனியா மாட்டிப் பார்த்தேன். ஒண்ணு சுத்தம். இன்னொண்ணு சிவப்பு. கெட்டதைக் கழட்டினேன். அன்னைல இருந்து அந்தக் கம்ப்யூட்டர்ல நீலத் திரை வரவே இல்ல.

அந்த முகவரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். மொத்தம் 2,048 எம்பி. என் டைப்பிங்கும் சி புரோகிராமும் அவ்வளவு மெமரியைத் தொடவே தொடாது. விண்டோஸ் எந்த இடத்தை யாருக்குக் கொடுக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுதான், ஆனா மெமரி நிறைய நிறைய செத்த இடம் மாட்டற வாய்ப்பு கூடும். கார் கேமும் பாட்டும் சேர்ந்து ஓடினா நிறையும். என் நோட்டுல இருந்த கணக்கு சரி. பத்துல எட்டு சரி. அவ உட்கார்ந்தாதான் வந்தது, அதுவும் சரி. அதுல இருந்து நான் சொன்ன தீர்ப்பு மட்டும் தப்பு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம்... இல்ல, தேதியே சொல்றேன், 2024 ஜூலை 19. உலகம் முழுக்க 85 லட்சம் கம்ப்யூட்டர் ஒரே நாள்ல நீலமாச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுகளில் கையால போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப் முழுக்க மைக்ரோசாஃப்டுக்குத் திட்டு. காரணம் கிரவுட்ஸ்டிரைக்ங்கற பாதுகாப்பு கம்பெனி அனுப்பின ஒரு அப்டேட் ஃபைல். கெர்னலுக்குள்ள ஓடற அவங்க புரோகிராம், 20 தகவல் இருந்த இடத்துல 21-ஆவதைத் தேடிப் போய் இல்லாத இடத்தைப் படிச்சது. எங்க ஆபீஸ் குரூப்ல ஒருத்தர் "விண்டோஸ் வேஸ்ட்"னு போட்டப்போ, நான் பதில் எழுத ஆரம்பிச்சு அழிச்சுட்டேன். எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

2015-ல அந்த ரேமைக் கழட்டினதும் அப்பாகிட்ட சொன்னேன், "ரேம்தான் போயிருந்தது." அவர் சரின்னார். தங்கச்சிகிட்ட தனியா எதுவும் சொல்லல. அவ பத்தாவது பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தா, கம்ப்யூட்டர் சரியாச்சுங்கறதை அவ கவனிச்ச மாதிரியும் தெரியல. அப்புறம் பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கிடைச்சும் வேண்டாம்னுட்டா. ஏன்னு அப்போ நான் கேட்கல.

விண்டோஸ் 11-ல 2025-ல நீலத் திரையை எடுத்துட்டு கறுப்பா மாத்திட்டாங்க. சோக முகம் இல்ல, க்யூஆர் கோடு இல்ல. கீழே ஸ்டாப் கோடும், தெரிஞ்சா எந்த டிரைவர்னும் ஒரு வரி. போன மாசம் தங்கச்சி அவ ஆபீஸ் லேப்டாப்ல வந்த அந்தக் கறுப்புத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினா. கீழே வைஃபை டிரைவர் பேர் தெளிவா இருந்தது. அதுக்குக் கீழே அவ எழுதியிருந்தா: "அண்ணா, இப்போ நான் கேம் ஆடல."

அவ மறக்கலங்கறது எனக்கு அப்போதான் தெரிஞ்சது. டிரைவரை எப்படிப் பழைய வெர்ஷனுக்கு மாத்தறதுன்னு எழுதி அனுப்பினேன். அப்புறம் போன் பண்ணேன். பன்னிரண்டு வருஷம் லேட்.